இந்தி பேசுவோருக்கு ஆங்கில வினையும் துணைவினையும்: கற்பிக்கும் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

‘மைன் ஜாதா ஹூன்’ என்று இந்தியில் சொல்லும்போது வினைக்கு இரண்டு சொற்கள் வேண்டியிருக்கின்றன. ஆங்கிலம் அதையே ‘ஐ கோ’ என்று ஒரே வினைச்சொல்லில் முடித்துவிடுகிறது. இந்தி பேசும் மாணவர் ஒருவர் இதை ‘ஐ ஆம் கோ’ என்று எழுதினால் அதைக் கவனக்குறைவு என்று கொள்வது தவறு. தம் மொழியில் உள்ள ‘ஹூன்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஓர் இடம் தேடி, அங்கே ‘ஆம்’ என்பதை அவர் பொருத்தியிருக்கிறார். துணைவினைகளில் இந்தி பேசுவோர் செய்யும் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிக் காரணத்தோடு பிறப்பவை. காரணம் தெரிந்த ஆசிரியரால் ஒரே பிழையை நூறு முறை சிவப்பு மையால் அடிக்காமல், அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்திவிட முடியும்.

திருப்பூரிலும் சென்னையின் புறநகர்களிலும் பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் சேர்ந்து படிக்கிறார்கள். டெல்லியிலும் மும்பையிலும் இந்தி பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழர்களும் பலர் உண்டு. 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்து ஆசிரியரானவர்களில் பலருக்கு இந்தி இலக்கணம் அறிமுகமாகியிருக்க வாய்ப்பில்லை. அவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இந்தி சரளமாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தி வினைத்தொடரின் முடிவில் வரும் பத்துப் பன்னிரண்டு சொற்களை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

எழுத்து பற்றி ஒரு முன்குறிப்பு. இந்தியில் வேறுவேறான இரண்டு ஒலிகளுக்குத் தமிழில் ‘தா’ என்ற ஒரே எழுத்துத்தான் உள்ளது. ஆகவே இங்கே ‘ஜாதா’, ‘காதா’ என்று வினையடியோடு சேர்ந்து வரும் ‘தா’ வழக்கமான செயலைக் காட்டும் விகுதி என்றும், தனித்து நிற்கும் ‘தா’ இறந்தகாலத் துணைவினை என்றும் கொள்ள வேண்டும். ‘வோ ஜாதா தா’ என்றால் அவன் முன்பெல்லாம் வழக்கமாகப் போவான் என்று பொருள்.

படி 1: இந்தி வினைத்தொடரைப் பின்னிருந்து படித்தல்

‘வோ ரோட்டி கா ரஹா ஹை’ என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். ‘வோ’ என்பது எழுவாய். ‘ரோட்டி’ செயப்படுபொருள். ‘கா’ என்பது உண்ணுதலைக் குறிக்கும் வினையடி. ‘ரஹா’ செயல் தொடர்ந்து நடப்பதைச் சொல்கிறது. கடைசியில் நிற்கும் ‘ஹை’ நிகழ்காலத்தையும் ஒருமையையும் காட்டுகிறது. ‘அவன் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்’ என்ற நம் வாக்கியத்திலும் இதே வரிசைதான்: பொருள், வினை, தொடர்ச்சி, காலம். தமிழும் இந்தியும் வேறுவேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்தவையாக இருந்தும், வினையைக் கடைசியிலும் காலத்தை வினைக்குப் பின்னும் வைக்கும் பழக்கத்தில் ஒன்றுபட்டு நிற்கின்றன. இந்தி மாணவருக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் தமிழருக்கு உள்ள வசதி இதுவே.

இப்போது எழுவாயை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மற்றவற்றைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தால் ‘ஹை, ரஹா, கா, ரோட்டி’ என்று வரும். ‘ஹை’ என்பதற்கு ‘இஸ்’, ‘ரஹா’ என்பதற்கு ‘இங்’, ‘கா’ என்பதற்கு ‘ஈட்’ என்று போட்டால் ‘ஹி இஸ் ஈட்டிங் ரோட்டி’ என்ற ஆங்கில வாக்கியம் கிடைத்துவிடும். ‘இங்’ மட்டும் வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. வேறு மாற்றம் ஏதும் இல்லை. இடம், காலம் குறிக்கும் சொற்கள் மிகுந்த நீண்ட வாக்கியங்களில் இந்தத் தலைகீழ் முறை அப்படியே பொருந்தாது. ஆனால் வினைத்தொடருக்குள் அது வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது.

வகுப்பில் இதைத் தாள் துண்டுகளைக் கொண்டு செய்து காட்டலாம். ஒரு துண்டுக்கு ஒரு சொல் என்று இந்தி வாக்கியத்தை மேசைமேல் வரிசையாக வைத்து, முதல் துண்டைத் தவிர மற்றவற்றை மாணவரே திருப்பி அடுக்கட்டும். காலம் காட்டும் சொல் இந்தியில் வாக்கியத்தின் கடைசியிலும் ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தும் நிற்கிறது என்பதை அவர் கையாலேயே செய்து பார்த்துவிட்டால், பின்னால் வரும் எல்லாப் படிகளும் எளிதாகும்.

படி 2: ‘ஹை’ எப்போது எதுவாக மாறுகிறது

சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. அவசரப்படாமல் சில வகுப்புகளை இதற்கு ஒதுக்குவது நல்லது. ‘ஹை’ என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் இடத்துக்கு ஏற்ப வேறுவேறாகக் கையாளுகிறது. அது எதுவாக மாறும் என்பதை அதற்கு முன்னால் நிற்கும் சொல்லின் உருவம் தீர்மானிக்கிறது.

முன்னால் பெயர்ச்சொல்லோ பண்புச்சொல்லோ மட்டும் இருந்தால் ‘ஹை’ என்பது ‘இஸ்’ ஆகும். ‘வோ டாக்டர் ஹை’ என்பது ‘ஹி இஸ் எ டாக்டர்’. இங்கே வேறு வினையே இல்லை. ‘இஸ்’ தானே முதல்வினையாக நிற்கிறது. தமிழில் ‘அவர் மருத்துவர்’ என்று வினையில்லாமலேயே முடித்துவிடுகிறோம் என்பதால், தமிழ் மாணவர்கள் ‘இஸ்’ என்பதை விட்டுவிடுவார்கள். இந்தி மாணவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் தவறுவதில்லை. அவர்களுடைய சிக்கல் ‘இஸ்’ தேவையில்லாத இடத்திலும் அதைச் சேர்ப்பதுதான்.

முன்னால் ‘ரஹா, ரஹீ, ரஹே’ இருந்தாலும் ‘ஹை’ என்பது ‘இஸ்’ ஆகும். வினை ‘இங்’ பெறும். முன்னால் ‘கயா, காயா, கியா’ போன்ற முடிந்த வினையோ, செயல் முடிந்துவிட்டதைக் காட்டும் ‘சுக்கா’ என்பதோ இருந்தால் அதே ‘ஹை’ ‘ஹேஸ்’ ஆகிவிடும்: ‘வோ கயா ஹை’ என்பது ‘ஹி ஹேஸ் கான்’. முன்னால் ‘ஜாதா, காதா, படதா’ என்று ‘தா’ விகுதி பெற்ற வினை இருந்தால் ‘ஹை’ மறைந்துபோகும்: ‘வோ ஜாதா ஹை’ என்பது ‘ஹி கோஸ்’. ‘ஐ ஆம் கோ’ என்ற பிழைக்கு மருந்து இதுதான். ‘ஆம், இஸ், ஆர் போடாதே’ என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. அடுத்த வாக்கியத்தில் மாணவர் ‘ஐ டாக்டர்’ என்று எழுதத் தொடங்கிவிடுவார். ‘ஹை’ என்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்கப் பழக்க வேண்டும்.

உடைமையைச் சொல்லும் வாக்கியங்கள் தனி வகை. ‘மேரே பாஸ் கிதாப் ஹை’ என்பது ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்ற நம் வாக்கியத்தைப் போன்றது. இந்தியிலும் தமிழிலும் உடைமைக்கென்று தனி வினை இல்லாததால் இருத்தல் வினையே அந்த வேலையையும் செய்கிறது. ஆங்கிலம் உடையவரை எழுவாயாக்கி ‘ஐ ஹேவ் எ புக்’ என்கிறது. ‘மேஜ் பர் கிதாப் ஹை’ என்பது இருப்பைச் சொல்வதால் ‘தேர் இஸ் எ புக் ஆன் தி டேபிள்’ ஆகும். ஆகவே ‘ஹேவ்’ என்ற சொல் ஓர் இடத்தில் முதல்வினையாகவும் இன்னோர் இடத்தில் துணைவினையாகவும் வரும் என்பதை இப்போதே சொல்லிவைத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் முதல்வினை. வினையின் மூன்றாம் வடிவம் (‘கோ, வென்ட், கான்’ என்பதில் ‘கான்’) வந்தால் துணைவினை.

இந்தி வழிப் பள்ளிகளில் ‘தா ஹை, தீ ஹை, தே ஹைன்’ என்று முடிந்தால் இன்ன காலம், ‘ரஹா ஹை’ என்று முடிந்தால் இன்ன காலம், ‘சுக்கா ஹை’ என்று முடிந்தால் இன்ன காலம் என்று பன்னிரண்டு காலங்களையும் வாக்கிய முடிவைக் கொண்டே அடையாளம் காணக் கற்பிப்பார்கள். உங்களிடம் வரும் மாணவர் இந்த அட்டவணையை மனப்பாடமாகவே சொல்லக்கூடும். தொடக்கத்துக்கு அது உதவும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது இந்தியிலிருந்து மொழிபெயர்ப்பதற்கான அட்டவணை. ஆங்கிலத்தில் பேசுவதற்கான வழி அதில் இல்லை. எதிர்மறையும் வினாவும் வந்தவுடன் அதன் போதாமை வெளிப்பட்டுவிடும்.

படி 3: ‘எஸ்’ யாருக்குச் சொந்தம்

இந்தியில் ‘நான்’ என்றால் ஹூன், ‘அவன்’ என்றால் ஹை, ‘நீங்கள்’ என்றால் ஹைன் என்று தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாட்டைத் துணைவினை காட்டுகிறது. ஆண், பெண் வேறுபாட்டை ‘ஜாதா, ஜாதீ’ என்று வினை காட்டுகிறது. ஆங்கில எளிய நிகழ்காலத்தில் துணைவினை இல்லாததால், படர்க்கை ஒருமையைக் காட்டும் பொறுப்பு முதல்வினையின் மேல் விழுந்து ‘கோஸ், ஈட்ஸ், ரீட்ஸ்’ என்று ‘எஸ்’ சேர்கிறது. பால் வேறுபாட்டுக்கு ஆங்கில வினையில் இடமே இல்லை. இதை இந்தி மாணவர்கள் விரைவில் ஏற்றுக்கொள்கிறார்கள். ‘எஸ்’ மட்டும் நெடுநாள் நழுவிக்கொண்டே இருக்கும்.

மரியாதைப் பன்மையைத் தனியே கவனிக்க வேண்டும். ‘பிதாஜீ ஆதே ஹைன்’ என்று தந்தை ஒருவரையே இந்தி பன்மை வினையால் குறிக்கிறது. இதனால் ‘மை ஃபாதர் ஆர்’, ‘மை டீச்சர் கம்’ என்ற பிழைகள் எழுகின்றன. நம்மிடமும் ‘அப்பா வருகிறார்’ என்ற மரியாதை வடிவம் இருப்பதால் மாணவரின் தயக்கம் நமக்குப் புரியும். மூத்தவரை ‘இஸ்’ போட்டுச் சொல்வது அவமதிப்பாகாது என்று ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே அந்தச் சொல் தேவைப்படுகிறது.

படி 4: எதிர்மறையும் வினாவும், ‘டூ’ என்ற துணைவினையும்

‘வோ ஜாதா ஹை’ என்பதன் எதிர்மறையை இந்தியில் பெரும்பாலும் ‘வோ நஹீன் ஜாதா’ என்று சொல்வார்கள். ‘நஹீன்’ வந்ததும் ‘ஹை’ உதிர்ந்துவிடுவது இயல்பு. ஆங்கிலமோ இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது: உடன்பாட்டில் துணைவினையே இல்லாத ‘ஹி கோஸ்’, எதிர்மறையில் புதிதாக ஒரு துணைவினையைக் கேட்டு ‘ஹி டஸ் நாட் கோ’ ஆகிறது. ஒரு மொழி துணைவினையை விட்டுவிடும் அதே இடத்தில் இன்னொரு மொழி அதை வரவழைக்கிறது. ‘ஹி நாட் கோ’ என்ற பிழை இந்தி மாணவர்களிடம் பிடிவாதமாக நிற்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

கற்பிக்க வேண்டிய விதி ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘நாட்’ என்பது முதல் துணைவினைக்குப் பின்னால்தான் நிற்கும். வினாவில் அந்த முதல் துணைவினைதான் எழுவாய்க்கு முன்னால் வரும். வாக்கியத்தில் ஏற்கெனவே துணைவினை இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும்: ‘ஹி இஸ் நாட் ஈட்டிங்’, ‘இஸ் ஹி ஈட்டிங்?’. துணைவினை இல்லையென்றால் ‘டூ’ என்பதை அழைக்க வேண்டும். ‘ஹி இஸ் எ டாக்டர்’ போன்ற வாக்கியங்களில் மட்டும் ‘இஸ்’ முதல்வினையாக இருந்தும் துணைவினையைப் போலவே நடந்துகொள்ளும். அங்கே ‘டூ’ தேவையில்லை.

‘டூ’ வந்ததும் இன்னொன்றும் நடக்கிறது. காலமும் ‘எஸ்’ என்பதும் முதல்வினையிலிருந்து இறங்கி, ‘டூ’ என்பதன் மேல் ஏறிக்கொள்கின்றன. ‘கோஸ்’ என்பதில் இருந்த ‘எஸ்’ ‘டஸ்’ என்பதற்குள் போய்விடுவதால் முதல்வினை வெறும் ‘கோ’ ஆகிறது. ‘வென்ட்’ என்பதில் இருந்த இறந்தகாலம் ‘டிட்’ என்பதற்குள் போய்விடுவதால் அங்கும் ‘கோ’ மட்டுமே மிஞ்சுகிறது. ‘டிட் நாட் வென்ட்’, ‘டஸ் நாட் கோஸ்’ என்று எழுதுபவர்கள் காலத்தை இரண்டு இடங்களில் காட்டுகிறார்கள். ஆங்கில வினைத்தொடரில் காலம் ஒரே சொல்லில்தான் அமரும். அது எப்போதும் தொடரின் முதல் சொல். பயிற்சித் தாளில் காலம் அமர்ந்த சொல்லுக்கு மட்டும் வட்டம் போடச் சொன்னால், ஒரு தொடரில் இரண்டு வட்டங்கள் வரும்போது மாணவரே பிழையைக் கண்டுகொள்வார்.

‘டூ’ ஏன் வருகிறது என்று கேட்கும் துடிப்பான மாணவருக்கு ஒரு செய்தியைச் சொல்லலாம். ஆங்கிலத்திலும் முற்காலத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்பதை ‘ஐ நோ நாட்’ என்று துணைவினையில்லாமல் மறுப்பதே வழக்கமாக இருந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் ‘டூ’ பரவி நிலைபெற்றது. ஆகவே ‘ஹி நாட் கோ’ என்று எழுதும் பிள்ளையின் உள்ளுணர்வை முழுக்கக் குறை சொல்வதற்கில்லை.

வினாவில் ‘க்யா’ என்ற சொல் தொல்லை தருகிறது. ‘க்யா தும் சாய் பீதே ஹோ?’ என்பதில் ‘க்யா’ வாக்கியத்தின் தலையில் நின்று, ஆம் அல்லது இல்லை என்ற பதிலைக் கேட்கிறது. ‘தும் க்யா பீதே ஹோ?’ என்பதில் அதே சொல் ‘என்ன’ என்று பொருள்படுகிறது. முதல் வகையை மாணவர் ‘வாட் யூ ட்ரிங்க் டீ?’ என்று மாற்றிவிடுவார். தலையில் நிற்கும் ‘க்யா’ நம் ‘குடிப்பாயா’ என்பதில் உள்ள ‘ஆ’ விகுதிக்குச் சமம். ஆங்கிலத்தில் அந்த வேலையைத் துணைவினையின் இடமாற்றமே செய்துவிடுகிறது: ‘டூ யூ ட்ரிங்க் டீ?’. நடுவில் நிற்கும் ‘க்யா’ வந்தால் ‘வாட்’ தலையில் வரும்; ஆனால் அதற்கு அடுத்தும் துணைவினை வேண்டும்: ‘வாட் டூ யூ ட்ரிங்க்?’. இந்த இரண்டையும் ஒரே நாளில் அருகருகே வைத்துக் கற்பிப்பதே நல்லது. வேறுவேறு பாடங்களாகப் பிரித்தால் குழப்பம் வளரும்.

பதில் சொல்லும் முறையும் இதோடு சேர்ந்ததே. ‘பீதே ஹோ?’ என்று கேட்டால் இந்தியில் ‘ஹான், பீதா ஹூன்’ என்று வினையைத் திருப்பிச் சொல்வார்கள். தமிழிலும் ‘குடிப்பேன்’ என்கிறோம். ஆங்கிலம் முதல்வினையை விட்டுவிட்டு, ‘எஸ், ஐ டூ’ என்று துணைவினையை மட்டும் திருப்பிச் சொல்கிறது. வாக்கியத்தின் கடைசியில் இந்தி ஒட்டவைக்கும் ‘ந?’ என்பதும் அப்படியே: அது எல்லா வாக்கியங்களுக்கும் ஒன்றுதான் என்பதால், மாணவர் எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்?’ என்று போடுகிறார். ஆங்கிலத்தில் அந்த ஒட்டு, வாக்கியத்தின் துணைவினையைப் பார்த்து மாறும்: ‘யூ ட்ரிங்க் டீ, டோன்ட் யூ?’, ‘ஷி ஹேஸ் கான், ஹேஸின்ட் ஷி?’. எழுதிப் பார்ப்பதைவிட, இருவர் இருவராக அமரவைத்து விரைவாகக் கேட்டுப் பதில் சொல்லவைப்பதே இதற்குச் சரியான பயிற்சி.

படி 5: கயா, கயா ஹை, கயா தா

இறந்தகாலத்தில் இந்தி மூன்று அடுக்குகளை வைத்திருக்கிறது. ‘கயா’ என்றால் போனான். ‘கயா ஹை’ என்றால் போயிருக்கிறான். ‘கயா தா’ என்றால் போயிருந்தான். இவற்றுக்கு நேராக ஆங்கிலத்தில் ‘வென்ட்’, ‘ஹேஸ் கான்’, ‘ஹேட் கான்’ என்று மூன்று வடிவங்கள் இருப்பதால், ஒன்றுக்கு ஒன்று பொருந்திவிடும் என்று தோன்றும். அப்படிப் பொருந்தாது.

‘மைன் கல் தில்லி கயா தா’ என்று இந்தியில் வெகு இயல்பாகச் சொல்வார்கள். போனதும் வந்ததும் முடிந்த கதை, இப்போது பேச்சு வேறு என்ற தொனியை அந்தத் ‘தா’ தருகிறது. அதை ‘ஐ ஹேட் கான் டு டெல்லி எஸ்டர்டே’ என்று மாற்றினால் ஆங்கிலத்தில் அது தொங்கி நிற்கும். கேட்பவர் ‘அதற்குப் பிறகு என்ன நடந்தது?’ என்று காத்திருப்பார். ஆங்கிலத்தில் ‘ஹேட்’ வர வேண்டுமானால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு இறந்தகாலச் செயல் வாக்கியத்திலோ பேச்சிலோ இருக்க வேண்டும்: ‘தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட் பிஃபோர் வி ரீச்ட் தி ஸ்டேஷன்’. அப்படி ஒன்று இல்லையென்றால் ‘ஐ வென்ட் டு டெல்லி எஸ்டர்டே’ என்பதே சரி. கற்பிப்பவர் தம்மையும் இங்கே கவனித்துக்கொள்வது நல்லது; ‘நேற்று டெல்லிக்குப் போயிருந்தேன்’ என்று நாமும் இயல்பாகச் சொல்வதால், தமிழரின் ஆங்கிலத்திலும் இந்த ‘ஹேட்’ அடிக்கடி நுழைகிறது.

‘கயா ஹை’ வடிவத்தில் சிக்கல் வேறு. இந்தி அதை ‘கல்’ போன்ற காலம் குறிக்கும் சொல்லோடும் சேர்க்கும்: ‘மைன்னே உஸே கல் ஹீ தேகா ஹை’. ஆங்கிலத்தில் ‘ஹேவ் சீன்’ என்பதோடு ‘எஸ்டர்டே’ சேராது. செயல் நடந்த நாளோ நேரமோ வாக்கியத்தில் இருந்தால் எளிய இறந்தகாலம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

‘வோ ரோஜ் ஜாதா தா’ என்பதில் உள்ள ‘தா’ மாணவரை ‘வாஸ்’ பக்கம் இழுக்கும். ‘ஹி வாஸ் கோ டெய்லி’ என்று எழுதுவார். படி 2இல் ‘தா’ விகுதிக்குப் பின் வரும் ‘ஹை’ மறைந்ததைப் போலவே, இங்கே துணைவினையான ‘தா’ ‘வாஸ்’ ஆக மாறுவதில்லை. ‘யூஸ்டு டு கோ’ என்றோ வெறும் ‘வென்ட்’ என்றோ ஆகும். ‘ஜா ரஹா தா’ என்பதற்குத்தான் ‘வாஸ் கோயிங்’.

‘நே’ என்ற உருபு வரும் வாக்கியங்களில் இந்தி வினை எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளோடு இயைகிறது. ‘லட்கே நே தோ ரோட்டியான் காயீ ஹைன்’ என்பதில் சாப்பிட்டவன் ஒருவனே. ரொட்டிகள் இரண்டு என்பதால் ‘ஹைன்’ பன்மையாகிறது. இதைப் பார்த்து மாணவர் ‘தி பாய் ஹேவ் ஈட்டன் டூ ரோட்டீஸ்’ என்று எழுதக்கூடும். ஆங்கில வினை எழுவாயை மட்டுமே பார்க்கும், ஆகவே ‘ஹேஸ்’. போஜ்புரி பேசும் குடும்பங்களில் இந்தச் சிக்கல் குறைவாக இருக்கலாம், ஏனெனில் போஜ்புரியில் ‘நே’ இல்லை. பீகாரிலிருந்து வரும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டுமொழி போஜ்புரி, மைதிலி, மகஹி ஆகியவற்றுள் ஒன்று. இந்தி அவர்கள் பள்ளியில் பயின்ற மொழி. இந்தியைக் கொண்டு விளக்குவதற்கு முன் வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டுவிடுவது வீண் உழைப்பைக் குறைக்கும்.

படி 6: ‘ஸே ரஹா ஹூன்’

‘மைன் பான்ச் ஸால் ஸே யஹான் ரஹ் ரஹா ஹூன்’ என்பதை, படி 1இன் தலைகீழ் முறையை நம்பி மாற்றினால் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று வரும். இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முன்பு தொடங்கி இன்றும் நீடிக்கும் செயலுக்கு ஆங்கிலம் ‘ஹேவ் பீன்’ கேட்கும். கால அளவுக்கு முன் ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்கு முன் ‘சின்ஸ்’ கேட்கும். இந்தியில் இரண்டுக்கும் ‘ஸே’ ஒன்றே. தமிழிலோ ‘ஐந்து ஆண்டுகளாக’, ‘2019 முதல்’ என்று தெளிவான வேறுபாடு இருக்கிறது. தமிழ் ஓரளவு கற்ற வடமாநிலப் பிள்ளைகளுக்கு ‘ஆக’ என்றால் ‘ஃபார்’, ‘முதல்’ என்றால் ‘சின்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். இந்தி வழியாக விளக்குவதைவிட விரைவில் பதியும்.

படி 7: ஸக்னா, சாஹியே, பட்னா

‘கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட்’ ஆகிய ஒன்பதும் ஒரே குணம் உடையவை. இவை ‘எஸ்’ ஏற்கா, ‘இங்’ ஏற்கா, இவற்றை அடுத்து வரும் வினை வெறும் அடிவடிவில் மட்டுமே இருக்கும். ‘முடியும்’ என்று பொருள்படும் இந்தியின் ‘ஸக்னா’ மற்ற வினைகளைப் போலவே ‘ஸக்தா ஹை, ஸக்தீ ஹை, ஸக்தே ஹைன்’ என்று மாறுவதால், மாணவர் எங்காவது ‘எஸ்’ சேர்க்கத் துடிப்பார். ‘ஹி கேன் கோஸ்’ அப்படி வருவது. ‘முஜே ஜானா சாஹியே’ (நான் போக வேண்டும்) என்பதில் உள்ள ‘ஜானா’ என்பதை ‘டு கோ’ என்று கற்றிருப்பதால் ‘ஐ ஷுட் டு கோ’ என்று எழுதுவார்.

‘ஜானா சாஹியே தா’ என்பது போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லை என்ற பொருளைத் தரும். அது ‘ஷுட் ஹேவ் கான்’. ‘ஜானா படா’ என்பது வேறு வழியில்லாமல் போக நேர்ந்ததைச் சொல்வது. ‘மஸ்ட்’ என்பதற்கு இறந்தகால வடிவம் இல்லாததால் ‘ஹேட் டு கோ’ என்று சொல்ல வேண்டும். ‘ஜானா படேகா’ என்பது ‘வில் ஹேவ் டு கோ’. ‘நஹீன் ஜா பாயா’ என்பது முயன்றும் முடியாமல் போனதைக் குறிப்பதால் ‘குட் நாட் கோ’.

எதிர்காலத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ‘ஜாவூங்கா, ஜாயேகா’ என்று இந்தி ஒரே சொல்லில் சொல்வதை ஆங்கிலம் ‘வில் கோ’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. மாணவர்கள் இதில் அரிதாகவே தடுமாறுகிறார்கள். ‘ஷல்’, ‘வில்’ வேறுபாட்டுக்காகப் பாடவேளைகளைச் செலவழிப்பது இன்றைய ஆங்கிலத்துக்குத் தேவையற்றது. ‘ஹோகா’ மட்டும் கவனத்துக்குரியது. ‘வோ கர் பர் ஹோகா’ என்பது பெரும்பாலும் இந்த நேரத்தில் அவன் வீட்டில்தான் இருப்பான் என்ற ஊகம். ‘ஹி மஸ்ட் பி அட் ஹோம்’ என்றால் ஐயமின்றிப் புரியும்.

படி 8: துணைவினைகளின் அணிவகுப்பு

ஒன்றுக்கு மேற்பட்ட துணைவினைகள் சேரும்போது அவற்றின் வரிசை மாறாது. முதலில் ‘கேன், மஸ்ட்’ வகை, பிறகு ‘ஹேவ்’, அதன்பின் தொடர்ச்சி காட்டும் ‘பி’, இறுதியில் செயப்பாட்டுவினை காட்டும் ‘பி’. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த சொல்லின் உருவத்தைத் தீர்மானிக்கும். ‘மஸ்ட்’ வகைக்கு அடுத்தது அடிவடிவம்; ‘ஹேவ்’ என்பதற்கு அடுத்தது மூன்றாம் வடிவம்; தொடர்ச்சி காட்டும் ‘பி’ என்பதற்கு அடுத்தது ‘இங்’; செயப்பாட்டு ‘பி’ என்பதற்கு அடுத்தது மீண்டும் மூன்றாம் வடிவம். நான்கும் ஒருசேர வரும் வாக்கியங்கள் நடைமுறையில் மிக அரிது. இரண்டும் மூன்றும் சேர்வதே வழக்கம்.

இங்கே தலைகீழ் முறை மீண்டும் கைகொடுக்கிறது. ‘காம் கியா ஜா ரஹா ஹை’ என்பதைக் கடைசியிலிருந்து படித்தால் ‘ஹை, ரஹா, ஜா, கியா’ என்று வரும். ‘ஹை’ இஸ், ‘ரஹா’ இங், ‘ஜா’ செயப்பாட்டுக்கு உரிய பி, ‘கியா’ டன். ‘ரஹா’, ‘ஜா’ இரண்டும் சேர்ந்து ‘பீயிங்’ ஆக, ‘தி வொர்க் இஸ் பீயிங் டன்’ என்று ஒன்றுகூடக் குறையாமல் கிடைத்துவிடுகிறது. இந்தி செயப்பாட்டுவினையில் வரும் ‘ஜானா’ போவதைக் குறிக்கவில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் ‘படு’ செய்யும் வேலையை அது அங்கே செய்கிறது.

இந்தப் படியில் வரும் பிழைகளில் பெரும்பங்கு மூன்றாம் வடிவம் தெரியாமையால் வருபவை: ‘ஹேஸ் வென்ட்’, ‘வாஸ் ஸ்டோல்’ போன்றவை. ஒழுங்கற்ற வினைகள் ஆங்கிலத்தில் இருநூறுக்கு அருகில் உள்ளன. அகரவரிசைப் பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, அன்றாடம் பயன்படும் வினைகளை ‘டிட் நாட் கோ, வென்ட், ஹேஸ் கான்’ என்று துணைவினையோடு சேர்த்தே சொல்லிப் பழக்குவது பயன் தரும். வடிவம் தனியே நினைவில் நிற்பது கடினம். அதை அழைக்கும் துணைவினையோடு வந்தால் நிற்கும்.

படி 9: ஆங்கிலத்தில் தேடக் கூடாத துணைவினைகள்

‘கா லியா’, ‘தே தியா’, ‘சலா கயா’ என்று இந்தி இரண்டு வினைகளை இணைத்துச் செயல் நிறைவேறியதைக் காட்டும். ‘சாப்பிட்டுவிட்டேன்’, ‘கொடுத்துவிட்டேன்’ என்பதில் உள்ள ‘விடு’ போன்றவை இவை. ‘லியா’ என்பதற்கு ‘டுக்’, ‘தியா’ என்பதற்கு ‘கேவ்’ என்று தேட வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ‘ஏட்’ அல்லது ‘ஹேவ் ஈட்டன்’ என்பதோடு முடிந்துவிடும். ‘இந்தஜார் கர்னா’ போலப் பெயர்ச்சொல்லோடு ‘கர்னா’ சேரும் வினைகளிலும் ‘டூ’ போடக் கூடாது, ‘வெயிட்’ போதும். ‘சமஜ் ரஹா ஹூன்’, ‘திக் ரஹா ஹை’ போன்றவற்றில் ‘ரஹா’ இருந்தாலும் ஆங்கிலத்தில் ‘அண்டர்ஸ்டேண்ட், ஸீ’ வினைகள் இந்தப் பொருளில் ‘இங்’ ஏற்பதில்லை. ‘ஐ ஆம் அண்டர்ஸ்டேண்டிங்’ என்பதை இந்திய ஆங்கிலத்தில் பலரும் பொறுத்துக்கொள்கிறார்கள். தேர்வுத் தாளில் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

திருத்தும்போது எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் குறிக்க வேண்டாம். முதல் சில வாரங்களுக்கு ‘ஐ ஆம் கோ’ வகையையும் ‘டிட் நாட் வென்ட்’ வகையையும் மட்டும் திருத்துங்கள். இவை இருந்தால் வாக்கியத்தின் எலும்பே கோணிவிடும். அடுத்து வினாவின் சொல்வரிசை, அதன்பின் ‘ஹேட்’ என்பதன் மிகைப் பயன்பாடு, பிறகு ‘சின்ஸ், ஃபார்’ என்று போகலாம். படர்க்கை ‘எஸ்’ விடுபடுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கேட்பவருக்கு அதனால் பொருள் கெடுவதில்லை. நன்றாகப் பேசக் கற்றுக்கொண்ட பின்னும் சில காலம் அது விடுபட்டுக்கொண்டேதான் இருக்கும்.